பூரிங் அக்கா எங்கள் வீட்டில் இருந்த நாட்கள்

ஹோர்தான், கிமாராஸ் தீவு
14 செப்டம்பர் 1988

அன்புள்ள எர்மினியா அக்கா,

இந்தக் கடிதம் ஹாங்காங் வந்து சேரும்போது நீங்கள் அழுது முடித்திருப்பீர்களோ, இனிமேல்தான் அழ நேரம் கிடைக்குமோ, தெரியவில்லை. முந்தாநாள் உங்கள் பூரிங் அக்காவை அடக்கம் செய்துவிட்டோம்.

ஒன்பது நாள் உங்களுக்காக வைத்திருந்தோம். இலோயிலோவிலிருந்து வருகிற ஒவ்வொரு படகுக்கும் உங்கள் பெனிங் அண்ணன் துறையில் போய் நின்றார். கடைசியில் உங்கள் தந்திதான் வந்தது. முதலாளியம்மா விடவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அண்ணன் கோபமாக இருக்கிறார் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அந்தத் தந்தியை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

நீங்கள் அனுப்பிய நீலக் கவுனைத்தான் உடுத்திவிட்டோம். சவப்பெட்டிக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது அரிசி வெந்துவிட்டதா என்று காத்துக்கொண்டிருக்கிறவர் மாதிரி இருந்தது முகம். கஷ்டப்படவில்லை அக்கா. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் மகள் அனலின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் விசிறிக்கொண்டிருந்தாளாம். இப்போது பெனிங் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். காலைப் பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள், பேச்சுதான் குறைந்துவிட்டது.

ஒரு தப்பு செய்துவிட்டேன். உங்களிடம்தான் சொல்ல முடியும்.

துக்க வீட்டிலிருந்து நேரே நம் வீட்டுக்கு வரக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? எட்டு நாளும் எல்லாரோடும் துறைமுனை ரொட்டிக் கடையில் நின்று, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் வந்தேன். அடக்கத்துக்கு முதல் நாள் மாலை மட்டும் முடியவில்லை. ரமிலை என் வீட்டுக்காரர் எஃப்ரெனிடம் விட்டுப் போய் நாலு மணி நேரம் ஆகிவிட்டது. பால் கட்டி ரவிக்கையெல்லாம் நனைந்துவிட்டது. ஆறு மாதக் குழந்தை அழுகிறது என்ற நினைப்பில் ஓட்டமாக ஓடி நேரே வீட்டுப் படியேறிவிட்டேன்.

மறுநாள் உங்கள் நேனா அண்ணி எல்லார் முன்னாலும் கேட்டார்: "ரொட்டிக் கடையில உன்னைக் காணோமே, நேரா வீட்டுக்கா போன? அப்ப அவளும் உன்கூடவே வந்திருப்பா. உன் பிள்ளைக்கு ஞானத்தாய் ஆச்சே, வராம இருப்பாளா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேற்று மதியம் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். வெயிலில் கடல் வெள்ளையாக, அசைவில்லாமல் கிடந்தது. ஓர் இலை ஆடவில்லை. திரும்பி வந்தால் தூளி ஆடிக்கொண்டிருக்கிறது. குழந்தை விழித்துக்கொண்டு மூலையைப் பார்த்துச் சிரிக்கிறான். அறை முழுக்கத் தேங்காய்ப்பாலும் சுட்ட ஓலையும் கலந்த வாசனை. பூரிங் அக்கா அரிசிப் பலகாரத்தை ஓலையில் கட்டும்போது அவர் மேல் வருமே, அதே வாசனை.

நான் கல்லூரியில் உயிரியல் படித்தவள். அதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அன்புடன்,
ஹோவிதா

*

ஹாங்காங்
25 செப்டம்பர் 1988, ஞாயிறு

என் அன்பு ஹோவிதா,

உன் கடிதத்தைப் புதன்கிழமை வாங்கினேன். இந்த வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்க வைத்த பிறகு குளியலறையில் நின்று படித்தேன். இன்று விடுமுறை. மற்ற பெண்களெல்லாம் தெருவில் அட்டை விரித்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவள் உன் வீட்டில் இருக்கிறாள் என்றால் நான் பயப்படவில்லை ஹோவிதா. பொறாமையாக இருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஏப்ரல் மாதம் அக்கா எனக்கு எழுதினாள். "அனலின் என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். எத்தனையோ தடவை திருத்திப் பார்த்துவிட்டேன். இப்போது திருத்த எனக்கே மனசு வரவில்லை. நீ வந்து பெற்றவளாக இரு, இல்லை என்றால் என்னை அம்மாவாக இருக்க விடு" என்று. நான் பதில் எழுதவில்லை. எட்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வந்தவள் நான். அவளுக்கு மூன்று வயதில் ஒரு தடவை வந்தபோது என்னைப் பார்த்து அக்காவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்தக் கோபத்தை அக்கா மேல் வைத்திருந்தேன். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஐந்து மாதம். அவள் செத்துப்போவாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நாற்பது நாள்வரை ஆத்மா இங்கேதான் சுற்றும் என்கிறார்களே. அக்டோபர் பதின்மூன்று. அதற்குள் எப்படியாவது வரப் பார்க்கிறேன். அவள் இருக்கிற வீட்டில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவளை அனுப்பிவிடாதே. உன்னிடம் வேறெதுவும் கேட்டதில்லை நான்.

ரமிலுக்கு என் முத்தம். பயப்படாதே. பிள்ளைகளை அவள் எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

உன் அக்கா,
எர்மினியா

*

ஹோர்தான்
2 அக்டோபர் 1988

அன்புள்ள எர்மினியா அக்கா,

உங்கள் கடிதம் வருவதற்கு ஐந்து நாள் முன்பே நான் அவரைப் போகச் சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

தினமும் வந்தார். நான் குழாயடிக்குப் போகிற நேரம் பார்த்துத்தான். ஒரு நாள் காயப்போட்ட துணிகளெல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தன, முக்கோணமாக, பூரிங் அக்கா மடிக்கிற மாதிரி. ஒரு நாள் சீப்பில் ஒரு வாழைப்பழம் குறைந்திருந்தது. ஒரு நாள் படியில் கால் வைக்கும்போது உள்ளே தாலாட்டு முனகுகிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் தூளிதான் ஆடுகிறது. மூங்கில் தரை இடுக்கில் வெயில் கோடு கோடாக ஆடுகிறது. யாருமில்லை.

எஃப்ரெனிடம் சொன்னேன். "பூரிங் அக்கா நிஜமா வந்திருந்தா முதல்ல அடுப்பைப் பாப்பாங்க. நீ குழைய விட்ட சோத்தைப் பாத்துட்டு உன் காதைத் திருகியிருப்பாங்க" என்று சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் தூளிக் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன்.

பிறகு ரமிலுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள். மருத்துவச்சி பல் முளைக்கிற காய்ச்சல் என்றார். எனக்கோ வேறு நினைப்பு. ஞானப்பிள்ளை மேல் ஆசைப்பட்டு, தனியாகப் போக மனமில்லாமல், கையோடு கூட்டிப்போக வந்திருக்கிறாரோ என்று. நான் பெற்றது ஒன்றுதான் அக்கா. குருத்தோலை ஞாயிற்றுக்கு மந்திரித்துக் கொடுத்த ஓலையை எரித்துப் புகை போட்டேன். வாசலில் உப்புத் தூவினேன். தூளிக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சொன்னேன்: "போயிடுங்க பூரிங் அக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இது உங்க பிள்ளை இல்ல. இந்த வீட்டை விட்டுப் போயிடுங்க."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரசவத்தின்போது இரண்டு நாள் என் முதுகைத் தேய்த்துவிட்ட கை அது.

அதன் பிறகு வரவில்லை. காய்ச்சல் இறங்கியது. ஆனால் மத்தியானங்களில் ரமில் தூங்க மாட்டேன் என்கிறான். மூலையைப் பார்க்கிறான், உதட்டைப் பிதுக்குகிறான். வீட்டில் ஒரு வெறுமை. இத்தனைக்கும் முன்னால் இருந்த அதே மூன்று பேர்தான் இருக்கிறோம்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டுப் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்து, யார் காதிலாவது விழுந்தால் பைத்தியம் என்பார்களே என்று கூசிக்கொண்டே, "வாங்க அக்கா. நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. வந்து பிள்ளையைப் பாருங்க" என்றேன்.

இன்று குழாயடியில் வேண்டுமென்றே அதிக நேரம் நின்றேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. என் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு, ஒரு இறந்தவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். திரும்பி வந்தபோது தூளி ஆடிக்கொண்டிருந்தது. ரமில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

வந்துவிட்டார் அக்கா. சீக்கிரம் வாருங்கள்.

ஹோவிதா

*

ஹாங்காங்
9 அக்டோபர் 1988, ஞாயிறு

ஹோவிதாவுக்கு,

வர முடியாது. முதலாளியம்மாவிடம் மூன்று தடவை கேட்டேன். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது, இப்போதே போனால் திரும்பி வராதே என்றார். நான்காவது தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இருக்கிறது. போகச் சொன்னாயா? அவளையா? நீ தாய், உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு வீட்டில் அவளைப் பார்த்து "இது உன் பிள்ளை இல்லை" என்று சொன்னாயே. ஏப்ரலிலிருந்து நான் வாய் திறக்காமல் சொல்லிக்கொண்டிருந்ததும் அதையேதான். அதனால்தான் இத்தனை கோபம் போலிருக்கிறது.

இதோடு ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். அக்காவுக்கு நான் எழுதாமல் விட்ட பதில். பதின்மூன்றாம் தேதிக்குள் உன் வீட்டில், தூளிக்குப் பக்கத்தில் நின்று, அவளுக்குக் கேட்கும்படி வாசித்துவிடு. அழாமல் வாசி. எழுத்து புரியாத இடத்தில் நிறுத்தாதே, உத்தேசமாகப் படித்துவிட்டுப் போ.

எர்மினியா

*

ஹோர்தான்
16 அக்டோபர் 1988

அன்புள்ள எர்மினியா அக்கா,

உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. நாற்பதாம் நாள் முடிந்து இரண்டு நாள் கழித்து. உறையைப் பிரிக்கவில்லை. இதோடு திருப்பி அனுப்புகிறேன். நான் வாசித்திருந்தாலும் கேட்க இங்கே பூரிங் அக்கா இல்லை. வேறொருத்தி இருந்தாள்.

பதின்மூன்றாம் தேதி அண்ணன் வீட்டில் ஜெபம். பன்றி அடித்து, பெரிய பாத்திரத்தில் நூடுல்ஸ் கிளறி, ஊரே வந்திருந்தது. ஜெபமாலை தொடங்கப் போகும்போது அனலினைக் காணவில்லை. "எங்கயாவது மரத்து மேல உக்காந்திருக்கும். தெனமும் மத்தியானம் இப்படித்தான் காணாமப் போவுது, சோத்து நேரத்துக்கு வந்துரும்" என்றார் நேனா அண்ணி. தினமும் மத்தியானம் என்ற வார்த்தை அப்போது என் மண்டையில் ஏறவில்லை. ரமிலுக்கு மாற்றுத் துணி எடுக்க, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

படியிலேயே கேட்டது. அதே தாலாட்டு. குழந்தை என் இடுப்பில் இருக்கிறான், வீட்டில் தூளி கிறீச் கிறீச்சென்று ஆடுகிறது. உள்ளே யாருமில்லாத தூளி. என் பிள்ளை அதைப் பார்த்துக் கையைக் காலை உதைத்துக்கொண்டு சிரிக்கிறான். ஓடிவிடலாம் என்று ஒரு கால் பின்னால் போய்விட்டது. அப்புறம் மூலையில் பார்த்தேன்.

உங்கள் மகள் தரையில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். பூரிங் அக்காவின் பழைய ரவிக்கையைப் போட்டிருந்தாள், முழங்கால்வரை தொங்கியது. தேங்காய்ப்பால் வாசனை அதிலிருந்துதான் வந்தது.

என்னைப் பார்த்ததும் பின்பக்கப் படி வழியாக இறங்கி, மூங்கில் தூண்களுக்கு நடுவே வீட்டுக்கு அடியில் போய்விடப் பார்த்தாள். அங்கேதான் இத்தனை நாளும் போயிருக்கிறாள். மூங்கில் தரை வழியாக எங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு. நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் அவள் ஓடவில்லை என்று நினைக்கிறேன்.

எதுக்குடி வந்தே என்று கேட்டேன்.

"அம்மா உங்க வீட்டுக்குத்தான் போயிட்டாங்கன்னு மாமி சொன்னாங்க. பாப்பாவைப் பாத்துக்க வருவாங்கன்னு. நான் வர்றப்பல்லாம் அவங்க இல்ல. பாப்பா அழுதான். அதான் ஆட்டிவிட்டேன்."

வாழைப்பழம் தின்றது தான்தான் என்றும் அவளாகவே சொன்னாள். ஒன்றுதான் எடுத்தாளாம்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நீங்க அவங்களைப் போகச் சொன்னீங்க. அழுதுட்டே சொன்னீங்க. நான் கீழதான் இருந்தேன். அப்பறம் திரும்ப வரச் சொன்னீங்க. இன்னிக்கு கடைசி நாளு. நீங்களாவது ஒரு தடவை பாத்தீங்களா அத்தை?"

எர்மினியா அக்கா, ஒரு மாதமாக வந்தார், வந்தார் என்று உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் இல்லை என்று சொன்னேன். நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அந்தக் குழந்தையிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

ரமிலை அவள் மடியில் வைத்தேன். முதுகைத் தாங்கிப் பிடிக்க அவளுக்குத் தெரிகிறது. அவன் அவள் மூக்கைப் பிடித்தான். பழைய சிநேகிதர்கள் அல்லவா. என் பிள்ளையை யாரோ கொண்டுபோக வருகிறார்கள் என்று நான் உப்பைத் தூவிக்கொண்டிருந்தபோது அவள் அவனைத் தூங்க வைத்திருக்கிறாள். உப்பு அவள் தலையில்தான் விழுந்திருக்கும்.

ஜெபத்துக்கு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். போகும் வழியில் கேட்டாள்: "நாப்பது நாள் முடிஞ்சா எங்க போவாங்க? ஹாங்காங்கா?"

ஏன் ஹாங்காங் என்று கேட்டேன். "அங்க போனாத்தான யாரும் வர மாட்டாங்க" என்றாள்.

எர்மினியா சித்திக்கு எழுதிக் கேட்கிறேன் என்று என் வாயில் வந்துவிட்டது. ஆமாம், சித்தி என்றுதான் வந்தது. அவள் திருத்தவில்லை. மன்னியுங்கள், நான் எழுதுவது தவறாக இருந்தால். ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றீர்களே, அதைக் கேட்க வேண்டியவர் போய்விட்டார். கேள்வி கேட்டவள் இருக்கிறாள். தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு என் வீட்டுப் படியில் வந்து உட்கார்கிறாள்.

உங்கள் கோபம் இன்னும் இருந்தாலும் இதற்குப் பதில் எழுதுங்கள்.

ஹோவிதா

*

ஹாங்காங்
23 அக்டோபர் 1988, ஞாயிறு

ஹோவிதா,

உனக்கு எழுத இன்று என்னிடம் ஒன்றுமில்லை. திரும்பி வந்த உறையைக் கிழித்துவிட்டேன். அதில் முழுக்க என்னைப் பற்றியே எழுதியிருந்தேன். கீழே இருப்பதை அவளுக்கு வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி.

எ.

அனலினுக்கு,

உன் கேள்வி எனக்கு வந்து சேர்ந்தது. ஹோவிதா அத்தை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தாள்.

உன் அம்மா ஹாங்காங்குக்கு வரவில்லை. வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ கேட்டாயே என்று இன்று காலை தேடிப் பார்த்தேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பெண்கள் ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் தெருவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கடல் மாதிரி சத்தமாக இருக்கும். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒருத்தி பின்னாலிருந்து பார்க்க அவளேதான். கிட்டப் போனேன். திரும்பினாள். இல்லை. என்ன வேண்டும் அக்கா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, என் அக்காவைத் தேடுகிறேன் என்றேன். அவள் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். எனக்கும் உன்னைப் போலத்தான் ஆகிறது, பார்.

அவள் செத்துப்போய்விட்டாள் அனலின். ஹாங்காங் போனவர்கள் திரும்பி வர முடியும். இத்தனை நாள் நான் வராததால் உனக்கு அது தெரியாமல் போய்விட்டது. அது என் தப்பு. அவள் போன இடத்திலிருந்து வர முடியாது. அது அவள் தப்பில்லை. வர முடிந்தால் உன்னிடம்தான் முதலில் வந்திருப்பாள், பாப்பாவிடம் இல்லை. அவள் உன் வீட்டை விட்டு வேறு வீட்டுக்குப் போகவில்லை. மாமி சும்மா சிரிப்பதற்குச் சொன்னது அது.

டிசம்பர் பதினேழாம் தேதி நான் வருகிறேன். இந்தத் தடவை திரும்பிப் போகமாட்டேன். முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ துறைக்கு வர விரும்பினால் வா. விரும்பாவிட்டால் வீட்டிலேயே இரு. உன் அம்மா உன் வயதில் எப்படி இருந்தாள், யாரைக் கடித்தாள், எந்த மரத்திலிருந்து விழுந்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நீ கேட்டால் சொல்வேன். எனக்குத் தெரியாத ஆறு வருஷம் உன்னிடம் இருக்கிறது. நீ சொல்ல நினைத்தால் சொல்.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று குழம்பாதே. சித்தி என்று கூப்பிடு.

உன் அம்மாவின் தங்கை,
எர்மினியா